கொரோலெவ் ஏற்றிவிட்டதெல்லாம் எங்கே போச்சு?

ஸ்புட்னிக் எப்போ மேலே போச்சுன்னு கேட்டா, குவிஸ் போட்டிக்குப் போற பசங்க தூக்கத்துல கூட சொல்லுவாங்க: 1957 அக்டோபர் 4. சரி, அது எப்போ கீழே வந்துச்சு? இதுக்கு அநேகமா யாரும் கையைத் தூக்க மாட்டாங்க. 1958 ஜனவரி 4. மொத்தம் 92 நாள். அதிலும் அது பீப் பீப்னு பேசினது முதல் மூணு வாரம்தான். மீதி நாளெல்லாம் பேட்டரி செத்துப்போன 83.6 கிலோ உலோகப் பந்து, சத்தமே இல்லாம நம்ம தலைக்கு மேல சுத்திக்கிட்டு இருந்தது.

அதை அனுப்பிய செர்கேய் பாவ்லோவிச் கொரோலெவைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் ஏற்றிய கதையைத்தான் எழுதுகிறார்கள். எனக்கு இறங்கிய கதைதான் பிடித்திருக்கிறது. வேலை முடிந்த ஒரு செயற்கைக்கோளுக்கு என்னென்ன கதி வரலாமோ, கிட்டத்தட்ட அத்தனையும் இந்த ஒரு மனிதரின் பட்டறையிலிருந்து போனவற்றுக்கு எட்டே வருஷத்தில் வந்து முடிந்தது.

1907 ஜனவரி 12 அன்று, இன்றைய உக்ரைனில் இருக்கும் ஜிட்டோமிர் நகரத்தில் பிறந்தார். அப்பா அம்மா சின்ன வயசிலேயே பிரிந்துவிட்டார்கள். வளர்ந்தது தாத்தா பாட்டி வீட்டில். பிறகு அம்மாவும் வளர்ப்புத் தந்தையும் ஒடெசாவுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே அவர் படித்தது கட்டுமானத் தொழிற்பள்ளி. கூரைக்கு ஓடு வேயும் வேலையும் தச்சு வேலையும் கற்றுக்கொண்ட பையன், மீதி நேரத்தில் கிளைடர் வரைந்துகொண்டிருந்தான். கீவ் பாலிடெக்னிக்கில் இரண்டு வருஷம், அப்புறம் மாஸ்கோவின் பௌமன் உயர் தொழில்நுட்பப் பள்ளி. இறுதியாண்டு பிராஜெக்டுக்கு கைடு யார் தெரியுமா? விமானங்களில் இன்றும் பெயர் ஓடுகிற துப்பொலேவ். (நமக்குக் கிடைக்கிற கைடைப் பற்றி இப்போ பேச வேண்டாம்.)

1931-ல் மாஸ்கோவில் சான்டெர் என்ற பொறியாளரோடு சேர்ந்து ஒரு ராக்கெட் குழுவை ஆரம்பித்தார்கள். ஒரு கட்டடத்தின் நிலவறையில், பெரும்பாலும் சம்பளமில்லாத வேலை. 1933 ஆகஸ்டில் அவர்களின் முதல் ராக்கெட் 400 மீட்டர் உயரம் போய் விழுந்தது.

1938-ல் எல்லாம் நின்றுபோனது. ஸ்டாலினின் களையெடுப்புக் காலம். அவர் வேலை பார்த்த நிறுவனத்தின் தலைவர் க்லெய்மியோனோவையும் துணைத் தலைவர் லாங்கெமாக்கையும் ஜனவரியில் சுட்டுக் கொன்றார்கள். மார்ச்சில் எஞ்சின் நிபுணர் குளுஷ்கோ கைதானார். ஜூன் 27 அன்று கொரோலெவ். நாசவேலை என்று குற்றச்சாட்டு, பத்து வருஷம் தண்டனை. சைபீரியாவின் கிழக்குக் கோடியில் கொலிமா பகுதியின் தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். ஸ்கர்வி வந்து பல்லெல்லாம் விழுந்தது. அங்கேயே இருந்திருந்தால் அவருடைய கதை அத்தோடு முடிந்திருக்கும். வழக்கை மறுபடி விசாரிக்க மாஸ்கோவுக்குக் கொண்டுவந்தார்கள்; 1940-ல் சிறைக்குள்ளேயே இயங்கிய ஒரு விமான வடிவமைப்பு அலுவலகத்தில் போட்டார்கள். அங்கே தலைமைக் கைதி யாரென்றால், அதே துப்பொலேவ். 1944-ல்தான் விடுதலை.

போர் முடிந்ததும் ஜெர்மனிக்குப் போய் வி-2 ராக்கெட்டைப் பிரித்து மேய்ந்தது, பிறகு ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி 1957 ஆகஸ்டில் ஆர்-7 என்ற கண்டம்விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையைப் பறக்கவிட்டது இதெல்லாம் பல இடத்தில் வந்த கதைதான். அணுகுண்டு தூக்கிப்போகச் செய்த அந்த வண்டியில் அவர் ஒரு பந்தை வைத்து அனுப்பினார்.

இப்போ நம்ம ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் கொஞ்சம். ஸ்புட்னிக்கின் பாதை நீள்வட்டம்: பூமிக்கு மிக அருகில் 215 கிலோமீட்டர், தூரத்தில் 940-க்குப் பக்கம். அருகில் வரும்போதெல்லாம் லேசான காற்று உரசுகிறது. ஒவ்வொரு உரசலிலும் எதிர்ப்பக்கத்து உயரம் கொஞ்சம் குறைகிறது. நீள்வட்டம் சுருங்கிச் சுருங்கி வட்டமாகிறது. வட்டமானதும் சுற்று முழுக்க உரசல்தான், அப்புறம் நாள் கணக்கில் கதை முடிந்துவிடும். இதில் ஒரு வேடிக்கை: காற்று தடுக்கத் தடுக்க செயற்கைக்கோளின் சராசரி வேகம் கூடுகிறது. தாழ்ந்த பாதையில் வேகம் அதிகம், அவ்ளோதான் விஷயம். ஆனா முதல் தடவை கேட்கிறப்ப யாருக்கும் நம்பிக்கை வராது.

அந்த அக்டோபரில் ஊர் உலகமெல்லாம் மொட்டை மாடியில் நின்று பார்த்தது பெரும்பாலும் ஸ்புட்னிக்கையே இல்லை. 58 சென்டிமீட்டர் பந்து வெறும் கண்ணுக்கு எங்கே தெரியும்? கூடவே சுற்றுப்பாதைக்குப் போன ராக்கெட்டின் நடு அடுக்குதான் அப்படி மின்னியது. அதாவது, மனிதகுலம் முதன்முதலாக அண்ணாந்து வாய்பிளந்து பார்த்த விண்பொருள், தன் வேலை முடிந்த குப்பை. எடையோடு ஒப்பிட்டால் அதன் பரப்பு அதிகம், காற்றுத் தடையும் அதிகம். அதனால் பந்துக்கு ஒரு மாதம் முன்பே, டிசம்பர் முதல் வாரத்திலேயே எரிந்துவிட்டது.

ஸ்புட்னிக் 2-ஐப் பற்றி எழுத மனசு வரவில்லை, ஆனாலும் எழுதித்தான் ஆகணும். 1957 நவம்பர் 3, லைகா என்ற நாய். திரும்பக் கொண்டுவரும் ஏற்பாடு எதுவுமே அந்தக் கலத்தில் கிடையாது. கிளம்பும்போதே எல்லோருக்கும் தெரியும். சூடு தாங்காமல் சில மணி நேரத்திலேயே அது இறந்துவிட்டது என்ற உண்மை 2002-ல்தான் வெளியே வந்தது. செத்த நாயோடு அந்தக் கலம் ஐந்து மாதத்துக்கு மேல் சுற்றி, 1958 ஏப்ரல் 14 அன்று எரிந்தது. ஒரு மாதக் கெடுவுக்குள் அடுத்ததை அனுப்பு என்று மேலிடம் அவசரப்படுத்தியது, உண்மைதான். அந்த அவசரத்துக்கு ஒத்துக்கொண்டவர் கொரோலெவ் என்பதும் உண்மை.

அடுத்தது நிலா. 1959 ஜனவரியில் போன லூனா 1 நிலாவில் மோத வேண்டியது. ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர் தள்ளிப் போய், சூரியனைச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. 450 நாளுக்கு ஒரு சுற்று, இன்றைக்கும். அங்கே காற்றும் இல்லை, உரசலும் இல்லை. அதை அனுப்பிய நாடே இப்போ இல்லை. செப்டம்பரில் லூனா 2 சரியாகப் போய் நிலாவில் மோதி நொறுங்கியது.

இனிதான் அவருக்கு உண்மையான தலைவலி. அடுத்து ஆளை அனுப்பணும். ஆள் என்றால் திரும்பி வரணும். கீழே வருவதற்கு என்ன செய்யணும்? போகிற திசைக்கு எதிராக எஞ்சினைத் திருப்பி, கொஞ்ச நேரம் எரிக்கணும். வேகம் குறையும், பாதை தாழும், மீதியைக் காற்று பார்த்துக்கொள்ளும். கேட்க சுலபம். ஆனால் எஞ்சின் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கலத்துக்குத் தெரியணுமே?

1960 மே 15-ல் முதல் சோதனைக் கலம் போனது. வெளிநாட்டுப் பத்திரிகைகளில் அதற்குப் பெயர் ஸ்புட்னிக் 4. நாலரை டன். ஆள் இல்லை, வெப்பக் கவசமும் இல்லை; இறங்கி எரிந்து போனால் போதும், இறக்கத் தெரிகிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம். பூமியின் விளிம்பைக் கண்டுபிடிக்கும் அகச்சிவப்பு சென்சார் பழுதானது. மே 19 அன்று எஞ்சின் எரிந்தது, தப்பான திசையில். கீழே வர வேண்டிய கலம் மேலே ஏறிவிட்டது. பாதையின் உச்சம் 690 கிலோமீட்டருக்குப் போனது. உடன் வேலை பார்த்த செர்தோக் பிற்காலத்தில் எழுதிய நினைவுக் குறிப்புகளின்படி, மற்றவர்கள் தலையில் கை வைத்து நின்றபோது கொரோலெவ் உற்சாகமாகத்தான் இருந்தார். ஒரு சுற்றுப்பாதையிலிருந்து இன்னொன்றுக்கு மாற முடியும் என்று தெரிந்துவிட்டது, இறங்க வேண்டிய நேரத்தில் இறங்கும் என்பது அவர் கணக்கு.

இறங்கியது. 1962 செப்டம்பர் 5 விடியற்காலை, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மானிட்டோவாக் என்ற சின்ன ஊரில், நடுத்தெருவில். சுமார் 9 கிலோ இரும்புத் துண்டு ரோட்டில் பதிந்து கிடந்தது. ரோந்து வந்த போலீஸ்காரர்கள் ஏதோ வண்டியிலிருந்து விழுந்த சாமான் என்று நினைத்து, தொட்டால் சுடவே, ஓரமாக ஒதுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். வானத்தில் எரிந்து போனதைப் பற்றிய செய்தி வந்த பிறகுதான் திரும்பி வந்து எடுத்தார்கள். ஆராய்ச்சி முடிந்ததும் ஐ.நா. சபையில் வைத்து சோவியத் தரப்பிடம் திருப்பிக் கொடுத்தார்கள். விழுந்த இடத்தில் இன்று ஒரு பித்தளை வளையம் பதித்திருக்கிறார்கள். ஊரில் ஸ்புட்னிக் திருவிழாகூட நடக்கிறது. யார் மேலேயும் விழவில்லை, அதனால் திருவிழா. விழுந்திருந்தால்? எரிந்து போய்விடும் என்ற நம்பிக்கையில் இன்றைக்கும் எத்தனையோ கலங்களைக் காற்றிடம் விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் எரிகிறது. கனமான பாகங்கள் எரிவதில்லை.

கொரோலெவ் அந்த சென்சாரை நம்புவதை நிறுத்த இன்னொரு தடவை அடிபட வேண்டியிருந்தது. 1960 ஆகஸ்டில் பெல்கா, ஸ்ட்ரெல்கா என்ற இரண்டு நாய்களோடு போன கலத்திலும் அது பழுதானது. இந்த முறை கையில் மாற்று இருந்தது: சூரியனைப் பார்த்துத் திசை பிடிக்கும் இன்னொரு அமைப்பு. அதை வைத்து இறக்கினார்கள். நாய்கள் உயிரோடு வந்தன. சுற்றுப்பாதைக்குப் போய் உயிரோடு திரும்பிய முதல் நாய்கள் அவை.

ஆனால் டிசம்பரில் போன ப்செல்காவும் முஷ்காவும் வரவில்லை. எஞ்சின் போதுமான அளவு எரியவில்லை. கலம் எங்கேயோ தூரத்தில் இறங்கப் போகிறது. வேறு நாட்டுக்காரர் கையில் கிடைக்கக் கூடாதென்று உள்ளே ஒரு வெடிகுண்டு வைத்திருந்தார்கள். அது வெடித்தது. அதே வடிவக் கலத்தை வைத்துச் செய்த ஜெனித் உளவு செயற்கைக்கோள்களிலும் இந்தக் குண்டு இருந்தது. 1964 நவம்பரில் கோஸ்மோஸ் 50 இறங்க மறுத்தபோது சுற்றுப்பாதையிலேயே வெடிக்க வைத்தார்கள். ரகசியம் காப்பாற்றப்பட்டது, ஒரு கலம் பல துண்டானது. தாழ்வான பாதை என்பதால் துண்டுகள் சீக்கிரம் விழுந்துவிட்டன. இதே பழக்கம் 800, 900 கிலோமீட்டர் உயரத்தில் நடந்தால் அவை நூறு வருஷம்கூட சுற்றும். இவருடைய வேலையில் எனக்கு ஒப்பாத இடம் இது.

1961 ஏப்ரல் 12, ககாரின். 108 நிமிஷக் கதையை எல்லோரும் படித்திருப்பீர்கள். இறக்கும் எஞ்சின் ஒன்றுதான், அதற்கு மாற்று கிடையாது. அது வேலை செய்யாவிட்டால்? கொரோலெவின் ஏற்பாடு, செத்த ஸ்புட்னிக்கிடம் கற்ற பாடம்: பாதையைத் தாழ்வாக வைத்துவிட்டால் பத்து நாளுக்குள் காற்றே கலத்தைக் கீழே இழுத்துவிடும். அதனால் பத்து நாளுக்குச் சாப்பாடு வைத்து அனுப்பினார்கள். அன்றைக்கு ராக்கெட் எஞ்சின் கொஞ்சம் தாமதமாக அணைந்து, பாதையின் உச்சம் திட்டமிட்டதைத் தாண்டி 327 கிலோமீட்டருக்குப் போய்விட்டது. அங்கிருந்து தானாக விழ பத்து நாள் போதாது. எஞ்சின் எரிந்தது, ககாரின் வந்தார். எரியாமல் இருந்திருந்தால் என்று நினைத்தாலே வயிறு கலங்குது.

இத்தனை காலமும் கொரோலெவின் பெயர் வெளியே தெரியாது. செய்தித்தாள்களில் அவர் வெறும் தலைமை வடிவமைப்பாளர். பிராவ்தாவில் எழுதினால் பேராசிரியர் கே. செர்கேயெவ் என்ற புனைபெயர். ககாரினுக்கு மாஸ்கோவில் ஊர்வலம் நடந்தபோது உலகத்தில் யாருக்கும் இவர் முகம் தெரியாது.

1966 ஜனவரி 14 அன்று ஓர் அறுவை சிகிச்சையின்போது இறந்தார். வயது 59. சுகாதார அமைச்சர் பெத்ரோவ்ஸ்கியே கத்தியைப் பிடித்தார். சின்ன சிகிச்சை என்று உள்ளே போன இடத்தில் பெரிய கட்டி இருந்தது, இதயம் தாங்கவில்லை. பிராவ்தாவில் படத்தோடு வந்த இரங்கல் செய்தியில்தான் நாட்டு மக்கள் முதன்முதலாக அவர் பெயரைப் படித்தார்கள். அஸ்தியை கிரெம்ளின் மதிலில் வைத்தார்கள்.

அவர் இறந்தபோது அவருடைய வெனெரா 3 பாதி வழியில் இருந்தது. ரேடியோ தொடர்பு அறுந்தும் போன திசையிலேயே போய், மார்ச் 1 அன்று வெள்ளி கிரகத்தை எட்டியது. இன்னொரு கிரகத்தை எட்டிய முதல் மனிதப் பொருள், எட்டியபோது ஊமை.

அவர் தொடங்கிவைத்த சோயூஸ் கலத்திலிருந்து 1970-களில் புரோகிரஸ் என்ற சரக்குக் கலத்தைச் செய்தார்கள். மேலே சாமான் கொண்டுபோகும், விண்வெளி நிலையத்தின் குப்பையை ஏற்றிக்கொண்டு இறங்கி தென் பசிபிக்கில் எரியும். கப்பல் போக்குவரத்து மிகக் குறைந்த கடல் அது. 2001 மார்ச் 23 அன்று, 130 டன் மிர் நிலையத்தையே ஒரு புரோகிரஸ் அங்கே இறக்கியது. எரியும் துண்டுகளை ஃபிஜி தீவிலிருந்து பார்த்தார்கள். இந்த முறை எஞ்சின் சரியான பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தது.