முப்பது வயதில் ஒரு மாணவி

போன சந்திப்பு விழாவில் மதியச் சாப்பாடு முடிந்து, வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பழைய கதை பேசிக்கொண்டிருந்தோம். என் வகுப்புத் தோழி ஒருத்தி அதிகம் பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். விலங்கியல் படித்தவள். டாக்டர் ஆகணும் என்று பள்ளி நாளிலிருந்தே ஆசை. வீட்டு நிலைமை விடவில்லை. கல்யாணம் ஆச்சு, இரண்டு பிள்ளைகள் ஆச்சு. இப்போது ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கிளம்பும்போது மெதுவாகக் கேட்டாள்: நீட் எழுத வயசு வரம்பை எடுத்துட்டாங்களாமே, நெஜமா? நான் ஆமாம் என்றேன். முப்பத்தெட்டு வயசுல போய் உட்கார்ந்தா பசங்க சிரிக்க மாட்டாங்களா என்றாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

அந்தப் பதிலைத் தேடிப் படித்தபோது கிடைத்த ஒரு வாழ்க்கையைத்தான் இந்த மலரில் எழுதுகிறேன். நம் குத்தம்பாக்கத்திலிருந்து பஸ் ஏறி, திருமழிசை, பூந்தமல்லி தாண்டி, பூந்தமல்லி நெடுஞ்சாலையோடு நேரே போனால் சென்ட்ரல் எதிரில் பெரிய ஆஸ்பத்திரி வரும். அதை ஒட்டியிருப்பது சென்னை மருத்துவக் கல்லூரி. நாம் எல்லோரும் யாரையாவது பார்க்கவோ, சேர்க்கவோ அந்த வாசலுக்குப் போயிருப்போம். 1875-ஆம் ஆண்டு அந்தக் கல்லூரிக்குள் முப்பது வயதில், மூன்று குழந்தைகளுக்குத் தாயாக, ஒரு பெண் மாணவியாக நுழைந்தார். அவர் பெயர் மேரி ஷார்லீப்.

மேரி 1845 ஜூன் மாதம் லண்டனில் பிறந்தவர். பிறந்த சில நாட்களிலேயே தாயார் இறந்துவிட்டார். தாத்தா பாட்டி வீட்டில், கட்டுப்பாடான சமயச் சூழலில் வளர்ந்தார். அந்தக் காலத்துப் பெண்ணுக்குக் கிடைக்கக்கூடிய நல்ல பள்ளிப் படிப்பு கிடைத்தது. அதற்கு மேல் படிக்க இங்கிலாந்திலும் பெண்களுக்குக் கதவு திறக்காத காலம். 1865-ல் வில்லியம் ஷார்லீப் என்பவரோடு திருமணம். அவர் மதராஸில் பாரிஸ்டராகத் தொழில் செய்ய வந்தவர். 1866-ல் மேரி கணவரோடு மதராஸ் வந்து இறங்கினார்.

இங்கே அவர் வாழ்க்கை மற்ற வெள்ளைக்காரக் குடும்பப் பெண்களின் வாழ்க்கை மாதிரிதான் தொடங்கியது. குழந்தைகள் பிறந்தார்கள். கணவர் நடத்திய சட்டப் பத்திரிகை வேலைகளில் உதவியாக இருந்தார். அந்தப் பழக்கத்தின் வழியாக ஊர்க் குடும்பங்களின் கதைகள் அவர் காதுக்கு வந்தன. உயர்சாதி இந்துக் குடும்பங்களிலும், கோஷா முறை இருந்த முஸ்லிம் குடும்பங்களிலும், பிரசவத்தில் சிக்கல் வந்தால் பெண்கள் ஆண் டாக்டரிடம் காட்டிக்கொள்ள மாட்டார்கள். பெண் டாக்டர் என்று ஒருவரும் கிடையாது. மருத்துவச்சியின் கைக்கு மிஞ்சினால் வீட்டுக்குள்ளேயே கிடந்து செத்துப்போக வேண்டியதுதான். காப்பாற்றக்கூடிய உயிர்கள் இப்படிப் போவது அவர் மனதை அரித்தது. தன்னைப் பெற்றவளும் பிரசவத்தை ஒட்டித்தானே போனாள்!

முதலில் அவர் டாக்டர் ஆக நினைக்கவில்லை. பிரசவம் பார்க்கக் கற்றுக்கொண்டால் போதும் என்று எண்ணி, மதராஸ் அரசு பிரசவ ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குச் சேர்ந்தார். இன்று எழும்பூரில் இருக்கும் மகப்பேறு மருத்துவமனையின் முன்னோடி அது. அங்கே போன பிறகுதான் தெரிந்தது, பிரசவம் பார்க்கத் தெரிந்தால் மட்டும் பத்தாது என்று. காய்ச்சல், ரத்தப்போக்கு, கட்டி, அறுவை எல்லாம் சேர்ந்துதான் ஒரு தாயின் உயிர். அதற்கு முழு மருத்துவப் படிப்பு வேண்டும்.

அந்தச் சமயத்தில் உலகம் எப்படி இருந்தது என்று கொஞ்சம் பார்க்கணும். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 1869-ல் ஏழு பெண்கள் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார்கள். அவர்களைத் தேர்வு மண்டபத்துக்குள் விடாமல் கூட்டம் கூடிக் கலாட்டா செய்தது. கடைசியில் பட்டமும் கொடுக்கவில்லை. லண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் கொடுக்க ஒத்துக்கொண்டதே 1878-ல்தான். ஆனால் நம் மதராஸில் 1875-லேயே மருத்துவக் கல்லூரிக் கதவு பெண்களுக்குத் திறந்தது. அதற்குப் பாடுபட்டவர் சர்ஜன் ஜெனரல் எட்வர்ட் பால்ஃபர். எழும்பூர் அருங்காட்சியகத்தைத் தொடங்கியவரும் இவர்தான்.

அந்த ஆண்டு சேர்ந்த பெண்கள் நான்கு பேர். மிஸ் ஒயிட், மிஸ் மிட்செல், மிஸ் டி'அப்ரூ, மிஸஸ் ஷார்லீப். பெயருக்கு முன்னால் இருக்கும் அந்த ஒரு எழுத்து மாற்றமே எல்லாவற்றையும் சொல்லிவிடும். மற்ற மூவரும் மணமாகாதவர்கள். இவர் மட்டும் குடும்பத் தலைவி. மூன்றாண்டு சான்றிதழ்ப் படிப்பு. பெண்களுக்குச் சொல்லித்தருவதில் எல்லா ஆசிரியர்களுக்கும் ஆரம்பத்தில் விருப்பம் இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் நாள் ஆக ஆக, வார்டில் இந்தப் பெண்களின் உழைப்பே அவர்களுக்காகப் பேசியது. 1878-ல் மேரி தேறினார். அப்போது வயது முப்பத்து மூன்று.

நம்மில் பலர் அதோடு போதும் என்று நிறுத்தியிருப்போம். கையில் சான்றிதழ் இருக்கிறது, ஊரில் தேவை இருக்கிறது, போர்டு மாட்டிவிட்டால் ஆச்சு. மேரிக்கோ தன் படிப்பில் உள்ள ஓட்டை தெரிந்திருந்தது. அதே 1878-ல் கப்பலேறி லண்டன் போனார். கணவர் மதராஸில் தொழிலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அன்றைக்குக் கடிதம் போய்ச்சேரவே வாரக்கணக்கில் ஆகும். கணவனும் மனைவியும் ஐந்து ஆண்டுகள் கடலின் இரண்டு கரைகளில் இருந்தார்கள் என்றால், அந்தப் படிப்புக்கு இரண்டு பேரும் சேர்ந்து கட்டணம் கட்டினார்கள் என்றுதான் சொல்லவேண்டும்.

லண்டனில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1874-ல் தொடங்கப்பட்டிருந்தது. அங்கே மறுபடியும் மாணவி. மதராஸில் மூன்று வருஷம் படித்துத் தேறிய ஒருவர், முப்பத்து மூன்று வயதில், அடிப்படைப் பாடங்களிலிருந்து திரும்பவும் ஆரம்பித்தார். 1882-ல் லண்டன் பல்கலைக்கழகத்தின் மருத்துவ, அறுவை மருத்துவப் பட்டங்களைச் சிறப்பாகத் தேறிப் பெற்றார். மகப்பேறு மருத்துவத்தில் தங்கப் பதக்கமும் அவருக்கே. ஏற்கெனவே பிரசவ ஆஸ்பத்திரியில் கையால் செய்து பார்த்தவர், தானும் மூன்று பெற்றவர். இளம் பிள்ளைகள் புத்தகத்தில் படித்ததை இவர் வாழ்க்கையில் பார்த்திருந்தார். வயசு இங்கே அவருக்குக் குறையாக இல்லை, பாதிப் பாடமாகவே இருந்தது.

அதன்பின் வியன்னா சென்று அறுவைப் பிரசவ முறைகளைக் கற்றார். இந்தியா திரும்புமுன் விக்டோரியா மகாராணியைச் சந்தித்து, இந்தியப் பெண்களின் நிலையை நேரில் எடுத்துச் சொன்னார். 1883-ல் மதராஸ் வந்து சேர்ந்தார். எந்தக் கல்லூரியில் எட்டு வருஷம் முன்பு தயங்கித் தயங்கி நுழைந்தாரோ, அதே கல்லூரியில் மகப்பேறு மருத்துவம் கற்பிக்கும் ஆசிரியராக நின்றார். தேர்வாளராகவும் இருந்தார்.

1885-ல் அவர் முயற்சியால் பெண்களுக்கென்று, பெண்களே மருத்துவம் பார்க்கும் ஒரு ஆஸ்பத்திரி உருவானது. சாதிக் கட்டுப்பாடும் கோஷா முறையும் உள்ள பெண்களுக்கான விக்டோரியா ஆஸ்பத்திரி என்று அதற்குப் பெயர். வீட்டை விட்டு வெளியே வராத பெண்கள் மூடிய வண்டியில் அங்கே வந்து இறங்க முடிந்தது. உள்ளே ஆண் நிழல் படாது. அந்தப் பெயரில் இருக்கும் சாதிப் பிரிவினை இன்றைக்கு நம்மை நெருடத்தான் செய்யும். ஆனால் அந்தப் பிரிவினையால் சாகக் கிடந்த பெண்களுக்கு அதுதான் வழி. இந்த ஆஸ்பத்திரி பின்னால் சேப்பாக்கத்துக்கு வந்தது. இன்று திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி தாய் சேய் நல மருத்துவமனை என்று பெயர். ஆனால் ஆட்டோக்காரரிடம் கோஷா ஆஸ்பத்திரி என்றால்தான் சட்டென்று புரியும்! இந்த மலரைப் படிப்பவர்களில் சிலரே அங்கே பிறந்திருக்கலாம்.

வெயிலும் ஓயாத வேலையும் அவர் உடம்பைக் கெடுத்தன. 1887-ல் இங்கிலாந்து திரும்பவேண்டி வந்தது. தோற்றுப் போனதாக நினைத்து உட்கார்ந்துவிடவில்லை. 1888-ல், நாற்பத்து மூன்று வயதில், லண்டன் பல்கலைக்கழகத்தின் எம்.டி. பட்டத்தைப் பெற்றார். அந்தப் பல்கலைக்கழகத்தில் அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். லண்டனில் பெண்கள் ஆஸ்பத்திரியில் மூத்த அறுவை மருத்துவர் ஆனார். ஐம்பதைத் தாண்டிய பிறகு, 1897-ல், அறுவை மருத்துவத்தில் முதுநிலைப் பட்டம். 1902-ல் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியில் பெண்கள் நோய் மருத்துவராக நியமனம். 1926-ல் அரசு அவருக்கு டேம் என்ற பட்டம் அளித்துக் கௌரவித்தது. 1930 நவம்பரில், எண்பத்தைந்தாம் வயதில் காலமானார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முப்பது வயதில் முதல் வகுப்பு. முப்பத்தேழில் பட்டம். அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான உழைப்பு. தாமதமாகத் தொடங்கியவருக்கு முன்னால் இருந்த காலம், பின்னால் போன காலத்தைவிட அதிகம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லணும். மேரிக்கு வசதி இருந்தது. வீட்டு வேலைக்கு ஆட்கள் இருந்தார்கள், சம்பாதிக்கும் கணவர் இருந்தார், ஆளும் இனத்தைச் சேர்ந்தவர் என்ற மதிப்பும் இருந்தது. 1875-ல் திறந்த கதவு நம் வீட்டுப் பெண்களுக்குச் சரிசமமாகத் திறக்கவில்லை. புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி அந்தக் கல்லூரியில் சேர்ந்தது 1907-ல், மருத்துவராக வெளியே வந்தது 1912-ல். ஆனாலும் பின்னால் வந்தவர்கள் நடக்க ஒரு தடம் இருந்தது என்றால், அதில் அந்த நான்கு பேரின் காலடியும் உண்டு.

இப்போது என் தோழிக்கு வருவோம். எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கான நீட் தேர்வில் உச்ச வயது வரம்பு 2022-ல் நீக்கப்பட்டது உண்மைதான். அதற்கு முன்பே, 2020-ல், ஒடிசாவில் வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தம் அறுபத்து நான்காம் வயதில் தேர்வு எழுதி அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் பிடித்தார். பயிற்சி ஆண்டையும் சேர்த்தால் படிப்பு ஐந்தரை வருஷம். அதற்கு முன்னால் பிளஸ் டூ இயற்பியலையும் வேதியியலையும் தூசி தட்டி எடுக்கணும். பிள்ளைகளின் பள்ளி, வீட்டுச் செலவு, மாமியார் மாமனார் உடம்பு எல்லாம் அதுபாட்டுக்கு நடக்கும். எல்லோராலும் முடியும் என்று மேடைப் பேச்சு மாதிரி நான் சொல்லமாட்டேன். இடம் கிடைக்காமலும் போகலாம். மேரிக்கும் ஒரு வில்லியம் இல்லாவிட்டால் கதை வேறாகியிருக்கும். ஆகவே இதைப் படிக்கும் கணவன்மாரே, மாமியார்மாரே, உங்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு.

ஆனால் பசங்க சிரிப்பாங்களே என்று மட்டும் நிற்காதே அம்மா. சிரிப்பவர்கள் ஒரு வாரம் சிரிப்பார்கள். பிறகு நோட்ஸ் கேட்டு உன்னிடமே வருவார்கள். பரிசோதனைக் கூடத்தில் பதினைந்து வருஷமாக நோயாளியின் கையைப் பிடித்து ரத்தம் எடுத்தவளுக்குத் தெரிந்தது, பதினேழு வயசுப் பிள்ளைக்குத் தெரியாது. அதை முதல் பக்கம் என்று வைத்துக்கொள்.

இப்போது நம் கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வகுப்பில் தலை நரைத்த ஒருவர் வந்து உட்கார்ந்தால், தள்ளி உட்காராதீர்கள். பக்கத்தில் இடம் கொடுங்கள்.

தோழி விண்ணப்பம் போட்டாளா என்று எனக்கு இதுவரை தெரியாது. இந்த வருஷச் சந்திப்புக்கு அவள் வரட்டும். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு வைக்கிறேன். அடுத்த தடவை பெரிய ஆஸ்பத்திரி வழியாகப் போகிறவர்கள், பக்கத்துக் கல்லூரிக் கட்டடத்தை ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போங்கள்.