கேன்சஸ் கண்ட நெடியோன்

அமெரிக்க நாட்டின் பிலடெல்பியா நகரில் 1936ஆம் ஆண்டு பிறந்தவர் வில்ட் சேம்பர்லின். ஏழடி ஓரங்குல உயரம் வளர்ந்த அவர், பள்ளியில் பயிலும்போதே கூடைப்பந்தாட்டத்தில் நாடறிந்த புகழ் பெற்றார். கல்லூரிகள் பல அவரை விரும்பி அழைத்தன. அவர் 1955இல் கேன்சஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

முதலாண்டு மாணவர் பல்கலைக்கழக அணியில் ஆடுதல் அக்கால விதிப்படி கூடாது. ஆதலின் ஓராண்டு பொறுத்திருந்து, 1956 டிசம்பரில் களம் புகுந்தார். அம்முதல் ஆட்டத்திலேயே அவர் ஒருவராக 52 புள்ளிகள் எடுத்தார். உயரம் ஒன்றே அவருடைய செல்வம் என்று கருதிவிடலாகாது. உயரத் தாண்டுதலிலும் அவர் வல்லவர்.

அவரை வெல்ல இயலாதார் வேறு வழி தேடினர். இருவர் மூவராய் அவரைச் சூழ்ந்து நின்றனர். சில அணியினர் பந்தைக் கூடையில் எறியாமல் தமக்குள்ளே மாற்றி மாற்றிப் பொழுது போக்கினர். இவ்வளவு நேரத்திற்குள் எறிதல் வேண்டும் என்னும் விதி அந்நாளில் கல்லூரி ஆட்டத்தில் இல்லை. நிறவெறியோ இவற்றினும் கொடிது. 1957இல் டல்லாஸ் நகரில் ஆடியபோது, கறுப்பினத்தவர் என்பதற்காகவே பார்வையாளர் பலர் அவரை இழிசொற்களால் வைதனர். அவற்றுக்கிடையேயும் கேன்சஸ் அணி வென்றது.

அவ்வாண்டு மார்ச்சு 23ஆம் நாள், தேசியப் போட்டியின் இறுதியாட்டத்தில் வடகரோலினா அணி எதிர்த்து நின்றது. தொடக்கத்தில் பந்தைத் தட்ட, ஆறடியும் எட்டாத ஒருவரை அவ்வணியார் சேம்பர்லினுக்கு எதிரே நிறுத்தினர். கண்டோர் நகைத்திருப்பர்! ஆனால் ஆட்டம் நகைப்புக்குரியதாக இல்லை. மும்முறை கூடுதல் நேரம் தரப்பட்டது. கடைசி நொடிகளில் சேம்பர்லினை நோக்கி எறிந்த பந்தை எதிரணியார் தட்டிவிட்டனர். 54க்கு 53; ஒரே புள்ளியில் கேன்சஸ் தோற்றது. போட்டியின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்னும் சிறப்பு அவருக்கே கிட்டியும், தம்மை நம்பியோரைக் கைவிட்டோமே என்னும் வருத்தம் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை.

1958இல் படிப்பு முடியுமுன்னரே கல்லூரியை விட்டு நீங்கினார். பின்னர்த் தொழில்முறை ஆட்டத்தில், 1962இல் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்து உலகை வியக்கவைத்தார். ஆயினும் பல்லாண்டுகள் கேன்சஸை விட்டு விலகியே வாழ்ந்தார்.

1998 சனவரியில் பல்கலைக்கழகம் அவர் அணிந்த 13ஆம் எண்ணைச் சிறப்பிக்க அழைத்தது. தம் கல்லூரி மேற்சட்டையை அணிந்துகொண்டு அறுபத்தோரு வயதுச் சேம்பர்லின் அரங்கிற்குள் நுழைந்தார். கூடியிருந்தோர் அனைவரும் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டினர். மறு ஆண்டு அக்டோபரில் அவர் மறைந்தார்.