ஃபுளூரினைச் சிறை மீட்ட ஹென்றி முவாசான்

ஊதா, பச்சை, மஞ்சள் எனப் பல வண்ணங்களில் கிடைக்கும் ஃபுளூரைட் என்னும் கனிமம் கால்சியமும் ஃபுளூரினும் இணைந்த சேர்மமாகும். மோஸ் அளவையில் அதன் கடினத்தன்மை 4. கத்தி முனையால் கீறிவிடலாம். ஒப்படர்த்தி ஏறத்தாழ 3.18. கனசதுரப் படிகமாக வளரும் இது, உடைக்கும்போது எண்முக வடிவில் பிளவுறும். பச்சை ஃபுளூரைட்டை மரகதமென மயங்குவோர்க்கு இவ்வளவைகளே துணை. கல்லை நிறத்தால் மட்டும் மதிப்பிடலாகாது என்பதை, மணிகளை நீரில் நிறுத்தறிந்த அல்பிரூனி பதினோராம் நூற்றாண்டிலேயே செய்து காட்டியவர் அல்லவா!

இக்கல்லினுள் சிறைப்பட்டிருந்த ஃபுளூரினைத் தனித்துப் பிரிக்க முயன்ற பெல்ஜிய அறிஞர் லூயேயும் பிரெஞ்சு அறிஞர் நிக்லேயும் அந்நச்சுக்கே உயிரைக் கொடுத்தனர். அவர்கள் தோற்ற இடத்தில் வென்றவர் ஹென்றி முவாசான்.

1852 செப்டம்பர் 28ஆம் நாள் பாரிசில் எளிய குடும்பத்தில் பிறந்தார். தந்தை இரயில்வே ஊழியர். தாய் தையல் வேலை செய்தவர். பல்கலைக்கழகம் புகுவதற்குரிய தகுதியின்றியே பள்ளியை விட்டு வெளியேறிய இவர், மருந்துக்கடையில் பயிலுநராகச் சேர்ந்தார். பின்னர் ஃபிரெமி என்னும் பேராசிரியரின் ஆய்வகத்தில் இடம் பெற்று, படிப்படியாக உயர்ந்தார். ஃபிரெமியும் ஃபுளூரினைத் தேடித் தோற்றவரே.

ஃபுளூரின் கண்ணாடியை அரிக்கும். தொட்ட பொருளையெல்லாம் தாக்கும். ஆகவே முவாசான் பிளாட்டினத்தால் வளைகுழாய் ஒன்றைச் செய்து, பிளாட்டின-இரிடிய மின்வாய்களைப் பொருத்தினார். அடைப்பான்களை ஃபுளூரைட் கல்லிலேயே கடைந்தெடுத்தார். முன்னரே ஃபுளூரினால் நிறைவுற்ற கல்லை ஃபுளூரின் மேலும் என்ன செய்துவிடும்? நீரற்ற ஹைட்ரஜன் ஃபுளூரைடில் பொட்டாசியம் ஃபுளூரைடு சேர்ந்த கரைசலைச் சுழிக்குக் கீழ் 50 பாகை வரை குளிர்வித்து மின்சாரம் பாய்ச்சினார். 1886 ஜூன் 26 அன்று வெளிவந்த வாயு பட்டதும் சிலிக்கன் தீப்பற்றி எரிந்தது. இடையில் நச்சினால் பலமுறை நோயுற்றுப் பணியை நிறுத்த நேர்ந்ததை நாம் மறத்தலாகாது.

செய்தியைச் சரிபார்க்க அறிவியல் அகாதமி மூவரை அனுப்பியது. அவருள் ஒருவர் ஆசான் ஃபிரெமி. அன்றோ கருவி ஒரு குமிழியும் தரவில்லை! அவமானத்தால் துவளாமல் முவாசான் காரணத்தை ஆராய்ந்தார். குழுவினர்க்காக மிகத் தூய்மையான ஹைட்ரஜன் ஃபுளூரைடைப் பயன்படுத்தியதே தவறு. அதில் மின்சாரத்தைக் கடத்தப் பொட்டாசியம் ஃபுளூரைடு இல்லை. அதைச் சேர்த்ததும் வாயு பிறந்தது.

1890இல் ஹென்றி பெக்கரலுடன் இணைந்து, பிரான்சின் குவின்சியே என்னும் ஊரின் அரிய வகை ஃபுளூரைட்டை ஆராய்ந்தார். கருமை கலந்த ஊதா நிறமுடைய அக்கல்லை நொறுக்கினால் நெடி மூக்கைத் துளைக்கும். அந்நெடி தனித்த ஃபுளூரினுடையதே என்பது இருவரின் முடிவு. அனைத்தோடும் வினைபுரியும் தனிமம் இயற்கையில் தனித்திருத்தல் இயலாதெனப் பலர் ஐயுற்றனர்.

1906இல் முவாசானுக்கு நோபல் பரிசு கிட்டியது. 1907 பிப்ரவரி 20 அன்று குடல்வால் அழற்சியால் 54ஆம் வயதில் மறைந்தார். ஒரே மகனும் 1914இல் போர்க்களத்தில் வீழ்ந்தான்.

அக்கல்லின் வழக்கு மட்டும் முடியாதிருந்தது. 2012இல் ஜெர்மன் ஆய்வாளர்கள், பவேரியாவின் வோல்செண்டார்ஃபில் கிடைக்கும் அதே வகைக் கல்லை உடைக்காமலே அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு முறையால் சோதித்து, உள்ளே தனித்த ஃபுளூரின் இருப்பதை மெய்ப்பித்தனர். கல்லினுள் பொதிந்த யுரேனியத்தின் கதிர்வீச்சே அதனைப் பிரித்துவைத்திருந்தது. அக்கதிரியக்கத்தை 1896இல் கண்டறிந்தவர் முவாசானோடு கல்லை நொறுக்கிய அதே பெக்கரல்தான்.