காத்திருந்த மூன்று பெண்களும் டாக்டர் ஐடாவும்

கடந்த பருவ விடுமுறையில் நான் பாலிங்கில் இருந்தபோது, ஒரு சனிக்கிழமை மாலை பாட்டிக்குத் தலைசுற்றல் வந்துவிட்டது. அப்பா வேலையில் இருந்ததால் நானே காரை ஓட்டி, பாட்டியை ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் சென்றேன். வாசலிலேயே இரத்த அழுத்தம் பார்த்தார்கள். விரலில் குத்திச் சர்க்கரை அளவையும் பார்த்தார்கள். பிறகு பச்சை மண்டலத்தில் போய் உட்காரச் சொன்னார்கள். அப்போது மணி ஆறே முக்கால். மருத்துவர் பாட்டியைப் பார்த்தபோது பத்தரையைத் தாண்டியிருந்தது.

இடையில் எங்களுக்குப் பின்னால் வந்த ஒருவரைத் தள்ளுவண்டியில் நேராக உள்ளே கொண்டு போனார்கள். எனக்குக் கோபம் வந்தது. எழுந்து போய்க் கேட்டேன். பணியில் இருந்த மருத்துவ உதவியாளர் பொறுமையாக விளக்கினார். உயிருக்கு உடனடி ஆபத்து உள்ளவர்களுக்குச் சிவப்பு, விரைவில் கவனிக்க வேண்டியவர்களுக்கு மஞ்சள், காத்திருக்கக் கூடியவர்களுக்குப் பச்சை. யார் முதலில் வந்தார் என்பதைவிட யாரால் காத்திருக்க முடியாது என்பதைத்தான் அங்கே பார்க்கிறார்கள். அன்றிரவு பச்சை மண்டலத்திற்கு ஒரே ஒரு மருத்துவர்தான் இருந்தார் என்பதையும் அவரே சொன்னார். முதல் விளக்கத்தை ஏற்றுக்கொள்ள முடிந்தது. இரண்டாவது மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது.

பல்கலைக்கழகம் திரும்பிய பிறகு, நூலகத்தில் டாக்டர் ஐடா ஸ்கடரைப் பற்றிய ஆங்கில நூல் ஒன்று கையில் கிடைத்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவியவர் என்ற அளவில்தான் அவரை எனக்குத் தெரியும். எங்கள் கொள்ளுத்தாத்தா வட ஆற்காட்டிலிருந்து கப்பலேறி வந்தவர் என்பதால், வேலூர் என்ற பெயரைக் கண்டதும் எடுத்துப் படித்தேன். காத்திருப்பைப் பற்றிய கதையாக அது இருக்கும் என்று அப்போது நினைக்கவில்லை.

ஐடா 1870 டிசம்பர் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய தாத்தா ஜான் ஸ்கடர், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமெரிக்காவிலிருந்து இலங்கைக்கும் பிறகு தமிழகத்திற்கும் வந்த மருத்துவ மிஷனரி. அப்பாவும் மருத்துவர். குடும்பத்தில் பலரும் இதே பணிக்கு வந்தவர்கள். ஆனால் ஐடாவுக்கு இதில் துளியும் விருப்பமில்லை. சிறு வயதில் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தவர் அவர். பசியில் வாடிய குழந்தைகளுக்கு ரொட்டியைப் பிய்த்து ஊட்டியிருக்கிறார். அந்த நினைவே இந்தியாவிலிருந்து விலகியிருக்கும் எண்ணத்தை அவருக்குள் வளர்த்தது. அமெரிக்காவில் படித்து, திருமணம் செய்துகொண்டு, அங்கேயே வசதியாக வாழ வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. அதில் என்ன தவறு? இருபது வயதில் நமக்கும் அப்படித்தானே தோன்றுகிறது?

1890-இல் அம்மாவுக்கு உடல்நலம் சரியில்லை என்று செய்தி வர, கவனித்துக்கொள்வதற்காகத் திண்டிவனம் வந்தார். சில காலம் இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தார். அங்கேதான் அந்த இரவு வந்தது.

முதலில் ஒரு பிராமணர் வந்தார். அவருடைய இளம் மனைவி பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தாள். ஐடா வந்து உதவ வேண்டும் என்று கேட்டார். தனக்கு மருத்துவம் தெரியாது, அப்பாதான் மருத்துவர், அவரை அழைத்துச் செல்லுங்கள் என்றார் ஐடா. ஆனால் அந்நிய ஆண் ஒருவர் தம் மனைவியைப் பார்ப்பதற்கு அவர் சம்மதிக்கவில்லை. திரும்பிப் போய்விட்டார். சற்று நேரத்தில் ஒரு முஸ்லிம் ஆடவர் அதே வேண்டுகோளுடன் வந்தார். அவரும் ஆண் மருத்துவரை மறுத்தார். பிறகு மூன்றாவதாக இன்னோர் இந்து. அதே நிலைமை, அதே மறுப்பு. அன்றிரவு ஐடா தூங்கவில்லை. விடிந்ததும் தெருவில் பறையொலி கேட்டது. விசாரித்து வர ஆள் அனுப்பினார்கள். மூன்று பெண்களும் இறந்துவிட்டிருந்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு அந்த மூன்று கணவர்கள் மீதுதான் முதலில் கோபம் வந்தது. பிறகு வேறொன்று தோன்றியது. அந்தப் பெண்களுக்கு ஒரு மருத்துவர் சில நிமிட நடைத் தொலைவில் இருந்தார். மருந்தும் இருந்தது. இருந்தும் அவர்களைப் பொறுத்தவரை ஊரில் மருத்துவரே இல்லை. எந்த மருத்துவமனையின் பதிவேட்டிலும் ஏறாத காத்திருப்பு அது.

ஐடா அப்பாவிடமும் அம்மாவிடமும் போய், அமெரிக்கா சென்று மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பி வரப்போவதாகத் தெரிவித்தார். சொன்னபடியே பிலடெல்பியாவில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களையும் ஏற்றுக்கொண்டதும் அங்கே மாறி, 1899-இல் பட்டம் பெற்றார். நியூயார்க் வங்கியாளர் ஒருவர், தம் மறைந்த மனைவியின் நினைவாக மருத்துவமனை கட்ட 10,000 டாலர் கொடுத்தார். 1900-இன் தொடக்கத்தில் ஐடா இந்தியாவில் இருந்தார். அப்பாவிடம் தொழில் பழகலாம் என்ற எண்ணத்தோடு வந்தவருக்கு, சில மாதங்களிலேயே அப்பாவின் மரணம்தான் காத்திருந்தது.

வேலூரில் வீட்டின் ஓர் அறையில் ஒரே ஒரு கட்டிலுடன் வேலையைத் தொடங்கினார். தாதியர் யாரும் இல்லை. வீட்டுச் சமையல்காரரின் மனைவி சலோமிதான் உதவியாளர். 1902-இல் 40 படுக்கைகளுடன் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. சாதாரண வாழ்க்கை வரலாறாக இருந்தால் இதுவே வெற்றிக்கதையின் முடிவாக இருந்திருக்கும். ஆனால் மருத்துவமனை வந்ததும் கூட்டம்தான் பெருகியது. பல மைல் நடந்தும் மாட்டு வண்டியிலும் நோயாளிகள் வந்தார்கள். மருத்துவரோ ஒருவர்தான். பச்சை மண்டலத்தில் நான் பார்த்த அதே கணக்கு.

ஐடா இரண்டு வழிகளில் இந்தக் கணக்கை மாற்ற முயன்றார். ஒன்று, நோயாளி வருவதற்குக் காத்திராமல் தாமே போவது. குடியாத்தம் செல்லும் சாலையில் குறிப்பிட்ட நாள்களில் பெஜோ காரில் மருந்துப் பெட்டிகளுடன் புறப்பட்டுவிடுவார். சாலையோரத்தில் குறித்த இடங்களில், பெரும்பாலும் மரத்தடியில், மக்கள் கூடியிருப்பார்கள். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, கண்ணுக்கு மருந்து விடுவது, மருத்துவமனைக்கு வந்தே ஆக வேண்டியவர்களைப் பிரித்தெடுப்பது எல்லாம் அங்கேயே நடக்கும். வாசலில் பாட்டியைச் சோதித்துப் பச்சை மண்டலத்துக்கு அனுப்பினார்களே, அதே வேலைதான், மரத்தடியில்!

இன்னொன்று, கைகளைப் பெருக்குவது. எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. தாம் இன்னும் வேகமாக ஓடினால் போதும் என்று அவர் நினைக்கவில்லை. 1909-இல் தாதியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவப் பள்ளியைத் திறந்தார். பெண்கள் மருத்துவம் படிக்க வருவார்களா என்று அரசாங்க அதிகாரிகளுக்கே சந்தேகம் இருந்தது. ஆனால் இடத்தை மிஞ்சி விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. கட்டடமும் கருவிகளும் போதுமான அளவு இல்லாமலேயே வகுப்புகள் தொடங்கின. பாடம் நடத்தியவர்களில் ஐடாவும் ஒருவர். 1922-இல் 14 பெண்கள் அங்கிருந்து மருத்துவர்களாக வெளியே வந்தார்கள். திண்டிவனத்துக் கதவுகளைத் தட்டினால் மறுப்பில்லாமல் உள்ளே அழைக்கப்படக்கூடிய 14 பேர்.

பிறகும் சோதனை தீரவில்லை. 1930-களின் பிற்பகுதியில், பட்டயப் படிப்பு போதாது, பட்டப்படிப்பாக உயர்த்த வேண்டும் என்று அரசாங்கம் கூறிவிட்டது. பள்ளியே மூடப்படும் நிலை. எழுபது வயதை எட்டிய ஐடா அமெரிக்கா சென்று, உலகப் போர் நடந்த ஆண்டுகளில் ஊர் ஊராக நிதி திரட்டினார். அந்த விதியைக் கடுமையானது என்று சிலர் குறை கூறலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சீக்கிரம் பார்க்கும் மருத்துவர் மட்டும் போதுமா? சரியாகப் பார்க்கும் மருத்துவர் வேண்டாமா? ஐடா எதிர்த்துப் போராடியதைவிட, கல்லூரியை அந்தத் தகுதிக்கு உயர்த்தவே அதிகம் பாடுபட்டார். கல்லூரி பிழைத்தது. 1947-இல் ஆண்களும் சேர்க்கப்பட்டார்கள். 1960 மே மாதம், தமது 89-ஆவது வயதில், கொடைக்கானலில் ஐடா காலமானார். அவர் திருமணமே செய்துகொள்ளவில்லை.

நம் நாட்டிலும் சுதந்திரத்தை ஒட்டிய காலத்தில் கிராமப்புறச் சுகாதாரத் திட்டம் வந்தது. கம்பங்களில் கிளினிக் டேசா எழுந்தது. பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் வீடு தேடி வந்தார்கள். பிரசவத்தில் தாய்மார்கள் இறப்பது பெரிதும் குறைந்ததற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். தோட்டங்களில் நிலைமை வேறு. அங்கே டிரெஸ்ஸர் இருப்பார், சில இடங்களில் தோட்ட மருத்துவமனை இருக்கும். அதற்கு மேல் தேவை என்றால் வண்டி வேண்டும்.

போன மாதம் வீட்டுக்குப் போனபோது ஐடாவின் கதையைப் பாட்டிக்குச் சொன்னேன். பாட்டி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். மூன்று பெண்களும் இறந்த இடம் வந்ததும் கை நின்றது. அவர்களுக்கு என்ன வயதிருக்கும் என்று கேட்டார். மிகவும் சின்ன வயதுதான் என்றேன். சற்று நேரம் கழித்து, அப்பாவுக்கு முன்னால் தமக்கு ஒரு பெண் குழந்தை பிறந்ததாகச் சொன்னார். அப்போது பாட்டிக்குப் பதினெட்டு வயது. குவாலா கெட்டில் பக்கத்தில் ஒரு தோட்டம். இரவு பத்து மணிக்கு வலி கண்டது. குழந்தை குறுக்கே கிடக்கிறது, டவுனுக்குக் கொண்டு போங்கள் என்று டிரெஸ்ஸர் சொல்லிவிட்டார். தோட்ட லாரி வெளியே போயிருந்தது. அது திரும்பி வந்தபோது விடியற்காலைப் பெரட்டுக்கு மணி அடித்துவிட்டார்களாம். பாட்டி பிழைத்துக்கொண்டார்.

அப்பாவுக்கு ஓர் அக்கா இருந்தது எனக்கு அன்றுதான் தெரியும். பெயர் வைத்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்துவிட்டு, கீரையைப் பானையில் போட எழுந்து போனார்.