ஜில்லா போர்டு கண்ட முதல் மந்திரி

எங்க விக்கிரவாண்டி அன்று தென்னாற்காடு ஜில்லா. கிராமத்துப் பள்ளிக்கூடம், ரோடு எல்லாம் ஜில்லா போர்டு பொறுப்பு. 1917-இல் அதன் தலைவராக இருந்தவர் அகரம் சுப்பராயலு ரெட்டியார். பிறந்தது 1855, சட்டம் படித்தவர். 1920 தேர்தலில் நீதிக்கட்சி வென்றதும், தியாகராய செட்டியார் பதவி வேண்டாமென்றார். டிசம்பர் 17-இல் ரெட்டியார் சென்னை மாகாணத்தின் முதலாவது முதல் மந்திரியானார். கல்வி இலாகாவும் அவரிடமே. உடம்பு இடம் கொடுக்கவில்லை. ஏழு மாதம் முடியுமுன், 1921 ஜூலையில் விலகினார், நவம்பரில் காலமானார்.

என் மகளின் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு நிற்கச் சொன்னபோது, இன்ஜினீயருக்கு அங்கே என்ன வேலைன்னு தட்டிக்கழித்தேன். இவர் வரலாற்றைப் படித்ததும் வெட்கமாகிவிட்டது. அடுத்த முறை நிற்கிறேன். நண்பர்களே, தம்பி தங்கைகளே, உங்க ஊர்ப் பள்ளிக்கு நீங்களும் நில்லுங்களேன்!