ஹைதரின் இரும்பு வாணம்

விண்கலங்களுக்கேற்ற உலோகங்களைப் பற்றித் தேசமெங்கும் பேசப்படும் இந்நாளில், பரங்கிமலை வரை வந்து கும்பினியாரை நடுங்கவைத்த ஹைதர் அலியின் சரித்திரத்தை நம்மவர் அறிதல் அவசியமாகும்.

கோலாரை அடுத்த பூதிகோட்டையில் பிறந்த ஹைதர் எழுதப் படிக்க அறியாதவர். அவருடைய தந்தை ஆற்காட்டு நவாபின் வாணப்படையில் தலைமை வகித்தவர். சாதாரணப் போர்வீரராய்ப் புகுந்த ஹைதர், 1761-ல் மைசூர் ராஜ்யத்தைத் தம் வசப்படுத்தினார். 1769-ல் சென்னையின் வாயிலில் நின்று கும்பினியாரை உடன்படிக்கைக்கு இணங்கச் செய்தார். ஆபத்தில் உதவுவதாக எழுதிக்கொடுத்த கும்பினியாரோ, மராத்தியர் படையெடுத்தபோது வாக்குத் தவறினர்.

அதன் பலன் 1780-ல் விளைந்தது. செப்டம்பர் 10-ந் தேதி, பூந்தமல்லிப் பெருவழி சென்று சேரும் காஞ்சிக்கருகே, புள்ளலூரில் கர்னல் பெய்லியின் சைனியம் அழிந்தது. மைசூர் வாணங்களே பகைவரின் வெடிமருந்து வண்டிகளைக் கொளுத்தின என்பர் பலர். அப்படையெடுப்பில் நமது கிராமங்களும் தீக்கிரையாயின. அதனை மறைப்பது சரித்திரமாகாது.

வாணம் புதிதன்று, அதன் கூடே புதிது. மூங்கிற்கூடும் காகிதக்கூடும் மருந்தின் அழுத்தம் மிகுந்தால் பிளந்துவிடும். ஓரடி நீளமும் இல்லாத இரும்புக்குழாய் அதனைத் தாங்கிற்று. ஆகவே மருந்தை இறுகத் திணிக்க முடிந்தது. வாணமும் 1 கிலோமீட்டருக்கு அப்பால் பாய்ந்தது. அக்காலத்து ஐரோப்பாவில் அதற்கு இணையில்லை.

1782 டிசம்பரில் சித்தூருக்கருகே பாசறையில் ஹைதர் காலமானார். 1799-ல் அவர் மைந்தர் திப்பு போரில் மடிய, ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. கைப்பற்றப்பட்ட வாணங்கள் இங்கிலாந்தின் ஊல்விச் ஆயுதசாலைக்குச் சென்றன. அவற்றை ஆதாரமாகக் கொண்டு காங்கிரீவ் என்பவர் புதிய வாணங்கள் சமைத்தார். 1807-ல் கோபன்ஹேகன் நகரம் அவற்றால் எரிந்தது. இங்கோ, அரசு வீழ்ந்ததும் கைவினையும் வீழ்ந்தது. சிவமொக்கா ஜில்லாவில் ஒரு பாழுங்கிணற்றில் 2018-ல் 1000-க்கு மேற்பட்ட இரும்பு வாணங்கள் கிடைத்தபோதுதான் அக்கொல்லர்களை நாம் நினைத்தோம்.

இன்று நமது பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதற்கட்டக் கூடு, மாரேஜிங் எஃகு என்னும் மிக உறுதியான உலோகத்தால் ஆனது. உருவம் பெரிது, நியதி மைசூர்க் கொல்லன் அறிந்ததே. உலோகவித்தை அரசனின் வீரத்தை மட்டும் நம்பியிருந்தால் அவனோடு மடியும். பட்டறையிலும் கல்விச்சாலையிலும் வேரூன்றினால் நிலைக்கும். அம்பத்தூரிலும் ஆவடியிலும் இரும்போடு உழைக்கும் இளைஞர்களுக்கு அக்கல்வியை அளிப்பதே, பெயரறியா அக்கொல்லர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன்.