ஒலிகளைச் செதுக்கிய டீலியா

இன்று இசையில் ஆர்வமுள்ள மாணவர் ஒருவர் கணினியைத் திறந்து, சிறிது நேரத்திலேயே ஓர் இசைத்துணுக்கை உருவாக்கிவிடலாம். ஓர் ஒலியைப் பதிவுசெய்வது, வெட்டுவது, ஒட்டுவது, அதன் வேகத்தை மாற்றுவது, மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்வது ஆகிய வசதிகள் அனைத்தும் மென்பொருளிலேயே உள்ளன. இத்தகைய மென்பொருள் இல்லாத காலத்தில், இதே வேலைகளை ஒலிநாடாவையும் பிளேடையும் கொண்டு தம் கைகளாலேயே செய்தவர் டீலியா டார்பிஷயர். மின்னணு இசையின் முன்னோடிகளுள் ஒருவராக அவர் போற்றப்படுகிறார்.

டீலியா 1937ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில், ஓர் எளிய தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தார். அவருக்கு மூன்று வயதாக இருந்தபோது, இரண்டாம் உலகப் போரில் அந்நகரம் கடுமையான குண்டுவீச்சுக்கு உள்ளானது. விமானத் தாக்குதலை எச்சரிக்கும் அபாயச் சங்கு, மெல்லத் தொடங்கி உயர்ந்து, பின் தாழ்ந்து ஒலிக்கும். அந்த ஒலி பிஞ்சு மனத்தில் ஆழப் பதிந்தது. மின்னணு ஒலிகளின்மீது தமக்கு ஏற்பட்ட ஈர்ப்புக்கு அதுவும் ஒரு தொடக்கம் என்று அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

பள்ளியில் டீலியா கணிதத்திலும் பியானோ வாசிப்பதிலும் சிறந்து விளங்கினார். உதவித்தொகை பெற்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிர்ட்டன் கல்லூரியில் சேர்ந்தார். அங்குக் கணிதத்தையும் இசையையும் பயின்று 1959இல் பட்டம் பெற்றார். இவ்விரண்டு துறைகளும் அவருக்கு வெவ்வேறாகத் தோன்றவில்லை. ஒரு சுரம் என்பது ஒரு நொடியில் எழும் அதிர்வுகளின் எண்ணிக்கைதான். அந்த எண்ணிக்கை இரட்டிப்பானால் அதே சுரம் அடுத்த மேல்தாயியில் ஒலிக்கும். இசைக்குள் இருந்த இந்தக் கணக்கே அவரைக் கவர்ந்தது.

படிப்பை முடித்த டீலியா, புகழ்பெற்ற டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை கேட்டார். ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களை வேலைக்கு அமர்த்துவதில்லை என்று கூறி அந்நிறுவனம் மறுத்துவிட்டது. தகுதி இருந்தும் பெண் என்ற காரணத்தால் கதவு அடைக்கப்பட்டது. ஆயினும், அவர் தம் விருப்பத்தைக் கைவிடவில்லை. சில காலம் ஆசிரியப் பணி செய்தார். பின்னர், 1960இல் பிபிசி வானொலியில் பயிற்சிப் பணியாளராகச் சேர்ந்தார்.

பிபிசியில் ரேடியோஃபோனிக் பணிமனை என்றொரு சிறிய பிரிவு இருந்தது. வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்குப் புதுமையான ஒலிகளை உருவாக்கித் தருவது அதன் வேலை. பலருக்கு விளங்காத அந்தப் பணிமனைக்கு 1962இல் டீலியா தாமே விரும்பிச் சென்றார்.

மறு ஆண்டில் ‘டாக்டர் ஹூ’ என்ற அறிவியல் கற்பனைத் தொடருக்கு முகப்பிசை தேவைப்பட்டது. ரோன் கிரேய்னர் என்ற இசையமைப்பாளர் அதன் மெட்டைத் தாளில் எழுதித் தந்தார். அதற்கு உயிர் கொடுக்கும் பொறுப்பு டீலியாவிடம் வந்தது. அவர் ஒரு கம்பியை மீட்டி எழுந்த ஒலியைப் பதிவுசெய்தார். மின்கருவிகளைச் சோதிக்கப் பயன்படும் அலையியற்றிகளிலிருந்து வேறு ஒலிகளைப் பெற்றார். நாடாவின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே உருவாக்கினார்.

இங்குதான் அவருடைய கணித அறிவு கைகொடுத்தது. நாடா நொடிக்கு 15 அங்குலம் ஓடுவதாகக் கொள்வோம். அரை நொடி ஒலிக்க வேண்டிய சுரத்திற்கு ஏழரை அங்குல நாடா வேண்டும். இவ்வாறு அளந்து, வெட்டி, வரிசையாக ஒட்ட வேண்டும். பல ஒலிகளை ஒரே நாடாவில் அடுக்கும் கருவி அப்பணிமனையில் அப்போது இல்லை. எனவே, தாள ஒலிக்கு ஒரு நாடா, மெட்டுக்கு வேறொரு நாடா எனத் தயாரித்து, அவற்றை ஒரே நேரத்தில் ஓடவிட்டுக் கலக்க வேண்டியிருந்தது. எங்கோ ஒரு சுரம் பிசகியபோது, டீலியாவும் அவருடைய உதவியாளர் டிக் மில்ஸும் நாடாக்களை நீண்ட நடைவழியில் விரித்துப்போட்டு ஒப்பிட்டுப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடித்தனர்.

1963ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் அந்த இசை முதன்முறையாக ஒளியேறியது. அதைக் கேட்ட கிரேய்னர் இது தாம் எழுதிய மெட்டுதானா என்று வியந்தார். உருவாக்கியவர் என்ற பெருமையையும் வருமானத்தையும் டீலியாவுடன் பகிர்ந்துகொள்ள அவர் விரும்பினார். ஆனால், பிபிசியின் அக்கால விதிமுறை அதற்கு இடங்கொடுக்கவில்லை. திரையில் கிரேய்னரின் பெயரும் பணிமனையின் பெயரும் மட்டுமே இடம்பெற்றன.

பெயர் கிடைக்காவிட்டாலும் டீலியாவின் தேடல் ஓயவில்லை. அவருக்குப் பிடித்த ஒலிகளுள் ஒன்று, ஒரு பச்சை நிற உலோக விளக்குமூடியைத் தட்டும்போது எழும் ரீங்காரம். தட்டும் ஓசையை வெட்டிவிட்டு, எஞ்சிய ரீங்காரத்தை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். அதில் கலந்திருந்த அதிர்வெண்களை ஆராய்ந்து, அலையியற்றிகளைக் கொண்டு அவற்றை மீண்டும் உருவாக்கினார். சஹாரா பாலைவன மக்களைப் பற்றிய ஆவணப்படத்தில் அந்த ஒலி பாலைவனத்தின் வெப்பத்தையும் அமைதியையும் உணர்த்தியது. எளிய பொருளும் நுண்ணிய செவிக்கு இசைக்கருவியாகும் என்பதற்கு இது நல்ல சான்று.

1973இல் டீலியா பிபிசியை விட்டு விலகினார். பின்னர் இசைத்துறையிலிருந்தே ஒதுங்கி, வேறு பணிகளைச் செய்து வாழ்ந்தார். 1990களில் இளம் இசைக்கலைஞர்கள் அவருடைய படைப்புகளைத் தேடிக் கேட்கத் தொடங்கினர். மீண்டும் இசையில் ஈடுபடத் தொடங்கியிருந்த நிலையில், 2001ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள், தமது 64ஆம் வயதில் காலமானார்.

அவர் மறைந்த பிறகு, வீட்டின் பரணில் 267 ஒலிநாடாக்கள் கண்டெடுக்கப்பட்டன. அவை பின்னர் மான்செஸ்டரில் பாதுகாக்கப்பட்டு ஆய்வுக்குப் பயன்பட்டன. 2013இல் ‘டாக்டர் ஹூ’ தொடரின் பொன்விழாச் சிறப்புப் படத்தில்தான் டீலியாவின் பெயர் முதன்முறையாக அத்தொடரின் திரையில் தோன்றியது. அதைக் காண அவர் உயிரோடு இல்லை. 2017இல் கோவென்ட்ரி பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது.

டீலியா பல நாள் உழைத்துச் செய்ததை இன்றைய மென்பொருள் நொடியில் செய்துவிடும். எனினும், எந்த ஒலியை எடுப்பது, எதை வெட்டுவது, எதை எதனுடன் சேர்ப்பது என்பதைக் கருவி முடிவு செய்வதில்லை. அதற்குக் கூர்ந்து கேட்கும் செவியும், கணக்கிட்டுப் பார்க்கும் அறிவும், சலிக்காத பொறுமையும் தேவை. அம்மூன்றும் டீலியாவிடம் இருந்தன. உழைப்புக்குரிய பெயர் உரிய காலத்தில் கிடைக்க வேண்டும் என்பதையும் அவருடைய வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.